காமகுராவும் எனோஷிமாவும்: டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய் வர

ஜப்பானுக்கு முதல் தடவை வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் நான் தவறாமல் கூட்டிக்கொண்டு போகும் இடம் காமகுரா. டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் சாமுராய்கள் ஆட்சி நடத்திய ஊர். அங்கிருந்து கடலோரமாகப் போகும் குட்டி ரயிலைப் பிடித்தால் எனோஷிமா என்ற தீவு. ஒரே நாளில் இரண்டையும் நிதானமாகவே பார்த்துவிடலாம்.

நிதானமாக என்று சொன்னேன் இல்லையா, பலருக்கு அதுதான் வாய்ப்பதில்லை. பதினொரு மணிக்குக் காமகுரா ஸ்டேஷனில் இறங்கி, எதிரே இருக்கும் கடைத்தெருவுக்குள் நுழைந்து, அங்கேயே ஒன்றரை மணி நேரம் போய், சாப்பாட்டுக்கு வரிசையில் நின்று, பெரிய புத்தரை ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டுத் தீவுக்குப் போய்ச் சேரும்போது குகையும் மூடியிருக்கும், வெளிச்சமும் போயிருக்கும். அதனால் என் வழி எப்போதும் ஒன்றுதான்: மலைப்பக்கம் ஆரம்பித்துக் கடற்பக்கம் முடிப்பது. காலையில் கோயில், மத்தியானம் குட்டி ரயில், சாயங்காலம் தீவு.

எப்போது போகலாம்

முடிந்தால் வார நாளில் போங்கள். சனி, ஞாயிறு என்றால் அந்தக் குட்டி ரயிலில் ஏறவே வரிசை நிற்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை நாடே விடுமுறையில் இருக்கும், அந்த வாரம் வேண்டவே வேண்டாம். ஜூன் மாதம் ஊர் முழுக்க ஹைட்ரேஞ்சியா பூ, நீலமும் ஊதாவுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும், கூடவே மழையும் கூட்டமும் இருக்கும். என்னைக் கேட்டால் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் சிறந்த காலம். குளிர் இருக்கும், ஆனால் காற்று சுத்தமாக இருப்பதால் கடலுக்கு அந்தப் பக்கம் ஃபுஜி மலை துல்லியமாகத் தெரியும். ஒன்றை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் ஏழு மணி ஆகும். உங்கள் நாள் முழுவதையும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

டிக்கெட் விஷயம்

சுய்கா அல்லது பாஸ்மோ கார்டு (முன்கூட்டியே பணம் போட்டு வைத்து, ஸ்டேஷனில் தட்டிவிட்டுப் போகும் அட்டை) கையில் இருந்தால் வேறு எதுவும் கட்டாயமில்லை. டோக்கியோ ஸ்டேஷன், ஷினகாவா பக்கம் தங்கியிருந்தால் யோகோசுகா லைன். ஷின்ஜுகு, ஷிபுயா பக்கம் என்றால் ஷோனான்-ஷின்ஜுகு லைன். இரண்டாவதில் கவனம் தேவை, அந்தப் பெயரில் வரும் எல்லா ரயிலும் காமகுரா போகாது. பலகையில் "ஸுஷி" (Zushi, ஓர் ஊர்ப் பெயர்) என்று போட்டிருக்கும் ரயிலில்தான் ஏற வேண்டும். ஒடவாரா பக்கம் போகும் ரயிலில் ஏறிவிட்டால் பயப்பட வேண்டாம், ஓஃபுனாவில் இறங்கி மாறிக்கொள்ளலாம்.

எனோடென் என்ற குட்டி ரயிலுக்கு மட்டும் தனியாக ஒரு நாள் பாஸ் இருக்கிறது, "நோரியோரிகுன்" என்று பெயர், 800 யென். நாலு தடவை ஏறி இறங்கினால் கட்டுப்படியாகும். கீழே நான் சொல்லப்போகிற கடலோர ஸ்டேஷன்களில் எல்லாம் இறங்குவதாக இருந்தால் வாங்குங்கள். ஷின்ஜுகுவில் தங்கியிருப்பவர்களுக்கு ஒடாக்யூ ரயில்காரர்களின் எனோஷிமா-காமகுரா பாஸ் மொத்தச் செலவில் மலிவு. ஆனால் அது உங்களை ஃபுஜிசாவா வழியாகக் கடற்பக்கத்திலிருந்து உள்ளே கொண்டுவரும், நான் சொல்லும் வரிசை தலைகீழாகிவிடும். சில நூறு யென் அதிகமானாலும் நான் மலைப்பக்கமிருந்தே வருவேன்.

கையில் ரொக்கம் ஐயாயிரம் யென்னாவது வைத்திருங்கள். கோயில்களில் நுழைவுக் கட்டணம் 300 முதல் 500 யென் வரை, பல இடங்களில் காசாகத்தான் கொடுக்க வேண்டும். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பை. குப்பைத் தொட்டி எங்கும் கிடைக்காது, உங்கள் குப்பை உங்களோடுதான் திரும்பி வரும்.

காலை எட்டரை: ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்குங்கள்

காமகுராவுக்கு முந்தின ஸ்டேஷன் கிதா-காமகுரா. கிதா என்றால் வடக்கு. சின்ன ஸ்டேஷன், இறங்கி ஒரு நிமிஷம் நடந்தால் எங்காக்குஜி கோயிலின் படிக்கட்டு. 1889-இல் யோகோசுகா லைன் போட்டபோது தண்டவாளத்தைக் கோயில் வளாகத்துக்கு நடுவிலேயே கொண்டுபோய்விட்டார்கள், அதனால் கோயில் குளம் ஒரு பக்கமும் வாசல் மறுபக்கமுமாக நிற்கின்றன.

மங்கோலியர்கள் 1274-இலும் 1281-இலும் கப்பற்படையோடு ஜப்பான்மீது படையெடுத்தார்கள். அவர்களை எதிர்த்து நின்ற காமகுரா ஆட்சியாளர் ஹோஜோ தொகிமுனே, போர் முடிந்த மறு வருஷமே, 1282-இல், இந்த ஜென் மடத்தைக் கட்டினார். செத்துப்போன தன் வீரர்களுக்காக மட்டும் இல்லை, எதிரிப் படையில் செத்தவர்களுக்கும் சேர்த்து. உயரமான மரங்களுக்கு நடுவே அந்தப் பெரிய மர வாசலின் கீழே நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சாயம் எதுவும் பூசாத மரத்தூண், கையை வைத்தால் மழையிலும் வெயிலிலும் அரித்துப்போன ரேகைகள் விரலில் தட்டுப்படும்.

அங்கிருந்து சாலையோரமாகப் பதினைந்து நிமிஷ நடையில் கென்ச்சோஜி. 1253-இல் தொடங்கிய மடம். உள்ளே நிற்கும் ஜுனிப்பர் மரங்கள், சீனாவிலிருந்து வந்த முதல் மடாதிபதி கொண்டுவந்த விதையில் முளைத்தவை என்று சொல்கிறார்கள். பட்டை முறுக்கிக்கொண்டு, துணி பிழிந்த மாதிரி இருக்கும். இங்கே அவசியம் பார்க்க வேண்டியது தர்ம மண்டபத்துக்குள் இருக்கும் பட்டினி புத்தர். லாகூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் காந்தாரச் சிலையின் நகல் அது, பாகிஸ்தான் கொடுத்தது. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம், வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும், கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். அன்று மத்தியானம் நீங்கள் பார்க்கப்போகும் பெரிய புத்தரின் சாந்தமான முகத்துக்கு முன்னால் இந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. இந்த இரண்டு கோயிலுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வழியில் இன்னும் அருமையான சின்னக் கோயில்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்தால் மாலை கைவிட்டுப்போகும்.

பத்தரை: ஹச்சிமன்கூ

கென்ச்சோஜியிலிருந்து சாலை கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் த்சுருகாஓகா ஹச்சிமன்கூ. இது பௌத்தக் கோயில் இல்லை, ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவின் கோயில், கட்டணம் கிடையாது. மினமோதோ யோரிதோமோ என்ற சாமுராய்த் தலைவர் 1180-இல் இந்த ஊரைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டபோது கடற்கரைப் பக்கம் இருந்த குலதெய்வக் கோயிலை இங்கே மாற்றி வைத்தார். கியோட்டோவில் பேரரசர் இருந்தார், ஆனால் அதிகாரம் இங்கே இருந்தது, 1333 வரைக்கும்.

மேலே ஏற 61 படிகள். படிக்கட்டுக்கு இடதுபக்கம் வேலி கட்டிய ஓர் இடம் இருக்கும், பலர் கவனிக்காமல் ஏறிவிடுவார்கள். அங்கே மிகப் பழைய கின்கோ மரம் ஒன்று நின்றது. 1219-இல் பனி பெய்த ஓர் இரவில் மூன்றாவது ஷோகன் (சாமுராய் ஆட்சியின் தலைவர்), யோரிதோமோவின் மகன் சனெதோமோ வழிபாடு முடித்து இறங்கி வரும்போது, அவருடைய அண்ணன் மகனே இந்த மரத்தின் பின்னால் ஒளிந்திருந்து வெட்டிக் கொன்றதாகக் கதை. யோரிதோமோவின் வம்சம் அதோடு முடிந்தது. அந்த மரம் 2010 மார்ச் 10 விடியற்காலையில் பலத்த காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. ஆனால் அடிவேரிலிருந்து துளிர் விட்டு, இப்போது அது இளமரமாக நிற்கிறது. வெட்டி எடுத்த அடிமரத்தைப் பக்கத்திலேயே நட்டிருக்கிறார்கள்.

கும்பிடும் முறையும் தெரிந்துகொள்ளுங்கள். ஷின்டோ கோயிலில் காசைப் போட்டு, இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கை தட்டி, வேண்டிக்கொண்டு, இன்னொரு தடவை குனிய வேண்டும். பௌத்தக் கோயிலில் கை தட்டக் கூடாது, நம்மைப் போலக் கை கூப்பினால் போதும். காசு ஐந்து யென் போடுவது வழக்கம், அதன் உச்சரிப்பு "கோஎன்", உறவு என்ற பொருளும் அதற்கு உண்டு.

கோயிலிலிருந்து கடலை நோக்கி நேராக ஓர் அகலமான சாலை போகிறது, அதன் நடுவே உயர்த்திக் கட்டிய நடைபாதை. மனைவி மசாகோவுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று யோரிதோமோ 1182-இல் போட்டது. கோயிலை நெருங்க நெருங்க அதன் அகலம் குறைந்துகொண்டே வரும், தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையைவிட நீளமாகத் தெரியும். அந்தப் பாதையிலேயே நடந்து ஸ்டேஷனுக்கு வாருங்கள். பக்கத்தில் இருக்கும் கொமாச்சி கடைத்தெருவுக்கு இருபது நிமிஷம் போதும், புறா வடிவ வெண்ணெய் பிஸ்கட் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம் என்று நகராட்சி கேட்டுக்கொண்டிருக்கிறது, வாங்கிய கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள்.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் கவலையில்லை. இந்தக் கடற்கரையின் பெயர்பெற்ற சாப்பாடு ஷிராசு, நெத்திலி வகையின் குஞ்சு மீன். சுடுசோற்றின்மேல் வேகவைத்தோ பச்சையாகவோ குவித்துத் தருவார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் பத்தாம் தேதி வரை பிடிக்கத் தடை, அந்தச் சமயத்தில் பச்சை ஷிராசு கிடைக்காது. இதை எனோஷிமாவில் சாப்பிடுவது இன்னும் நல்லது.

சைவம் என்றால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் மனதாரச் சொல்வார், அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் சூப்பிலும் நூடுல்ஸ் குழம்பிலும் தாஷி இருக்கும். உலர்த்திப் புகை போட்ட சூரை மீனைச் சீவி எடுக்கும் சாறு அது, நம் பக்கத்து மாசிக் கருவாட்டுக்கு நெருங்கின சொந்தம். அதனால் "கட்சுவோ தாஷி இருக்கிறதா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். கென்ச்சோஜி மடத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் கென்ச்சின் சூப், முள்ளங்கி, கேரட், டோஃபு எல்லாம் எண்ணெயில் வதக்கிச் செய்வது, மடத்து முறைப்படி கடற்பாசியும் காளானும் போட்ட சாறு. வெளிக்கடைகளில் சிலர் மீன் சாறு ஊற்றுவதும் உண்டு, அங்கும் கேட்டுவிடுங்கள். பெரியவர்களோடு வருகிறீர்கள் என்றால் காலையிலேயே புளிச்சோறோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வருவது நிம்மதி. எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்குப் பருந்து விஷயத்தைக் கீழே படியுங்கள்.

ஒரு மணி: எனோடென் ஏறி ஹசே

எனோடென் 1902-இல் ஓடத் தொடங்கியது. காமகுராவிலிருந்து ஃபுஜிசாவா வரை பத்து கிலோமீட்டர், 15 ஸ்டேஷன், ஒற்றைத் தண்டவாளம். வீட்டுக் கொல்லைகளை உரசிக்கொண்டு போகும். கொடியில் காயும் துணி ஜன்னலுக்கு ஒரு முழத்தில் தெரியும். மூன்றாவது ஸ்டேஷன்தான் ஹசே.

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் கோதோக்கு-இன், பெரிய புத்தர். 1252-இல் தொடங்கிய வெண்கலச் சிலை, பீடம் இல்லாமல் 11.3 மீட்டர் உயரம், 121 டன் எடை. முதலில் ஒரு மண்டபத்துக்குள் இருந்தார். மண்டபம் புயலில் விழுந்தது, மறுபடி கட்டினார்கள், மறுபடி விழுந்தது. கடைசியாக 15-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு யாரும் கட்டவில்லை, அன்றிலிருந்து வெட்டவெளியில்தான். எனக்கு இதுவே நல்லதாகத் தோன்றுகிறது. மேகம் நகரும்போது அந்த முகத்தில் நிழலும் நகரும், அதை மண்டபத்துக்குள் வைத்துப் பார்க்க முடியாது. இன்னும் 50 யென் கொடுத்தால் சிலைக்குள்ளேயே போகலாம். குறுகலான படி, உள்ளே இருட்டு, அடுக்கு அடுக்காக வெண்கலத்தை வார்த்துப் பொருத்திய கோடுகள் சுவரில் தெரியும், கழுத்துப் பகுதியில் 1960-களின் தொடக்கத்தில் பலப்படுத்திய பூச்சும் தெரியும்.

வளாகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, தமிழர்கள் அதைக் கடந்துபோக முடியாது. இலங்கையின் ஜே. ஆர். ஜெயவர்த்தனா 1951-இல் சான் பிரான்சிஸ்கோ அமைதி மாநாட்டில், ஜப்பானிடம் நஷ்டஈடு கேட்க மாட்டோம் என்று சொல்லி, வெறுப்பு வெறுப்பால் தணிவதில்லை, அன்பால்தான் தணியும் என்ற புத்தர் வாக்கை எடுத்துச் சொன்னார். ஜப்பானியர்கள் நன்றியோடு 1991-இல் நட்ட கல் அது. அதே மனிதர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான் 1983 ஜூலை நடந்தது. நான் அந்தக் கல்லின் முன்னால் ஒவ்வொரு தடவையும் நிற்கிறேன், இரண்டையும் சேர்த்தே நினைக்கிறேன்.

திரும்பி வரும் வழியில் ஹசே-தெரா. உள்ளே 9 மீட்டருக்கும் அதிக உயரமான, பதினோரு முகங்கள் கொண்ட மரக் கன்னோன். கன்னோன் என்பது அவலோகிதர்தான். ஒரே கற்பூர மரத்தில் இரண்டு சிலை செதுக்கி, ஒன்றைக் கடலில் விட்டதாகவும், பதினைந்து வருஷம் கழித்து அது இந்தப் பக்கம் கரை ஒதுங்கியதாகவும் ஐதிகம். மேல் தளத்திலிருந்து கடற்கரை முழுக்கத் தெரியும். கால் வலி ஆரம்பித்திருக்கும், அங்கே பெஞ்சு இருக்கிறது, பத்து நிமிஷம் உட்காருங்கள். ஜூனில் பூப்பாதைக்குத் தனிச் சீட்டும் காத்திருப்பும் உண்டு. கூட்டம் அதிகமாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள், ஊரில் சாலையோரமெல்லாம் அதே பூதான்.

கடலோர ஸ்டேஷன்கள்

ஹசேயில் மறுபடி ஏறும்போது இடதுபக்க ஜன்னல் ஓரம் நில்லுங்கள். ஒரு சின்னச் சுரங்கம், கொகுராக்குஜி, அப்புறம் இனமுரகசாகி தாண்டியதும் சட்டென்று வீடுகள் விலகிக் கடல் வரும்.

ஒரே ஓர் இடத்தில் இறங்க நேரம் இருக்கிறது என்றால் இனமுரகசாகியில் இறங்குங்கள். ஐந்து நிமிஷ நடையில் பாறை முனை, அங்கிருந்து எனோஷிமா தீவும் அதற்குப் பின்னால் ஃபுஜியும் ஒரே பார்வையில் கிடைக்கும். 1333-இல் நித்தா யோஷிசதா என்ற தளபதி கடல் உள்வாங்கிய நேரம் பார்த்து இந்த முனையைச் சுற்றித்தான் படையோடு ஊருக்குள் நுழைந்து ஷோகன் ஆட்சியை முடித்தார். அனிமேயில் வந்து பிரபலமான ரயில்வே கேட், காமகுராகோகோ-மாஎ ஸ்டேஷன் பக்கம் இருக்கிறது. அங்கே படம் எடுப்பவர்கள் சாலை நடுவில் நிற்பதால் உள்ளூர்க்காரர்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள். போனால் நடைபாதையிலேயே நில்லுங்கள், இல்லாவிட்டால் ரயிலுக்குள்ளிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள், கடல் அங்கும் தெரியும். கொஷிகோஏ ஸ்டேஷனுக்குப் பிறகு ரயில் நேராகத் தெருவுக்கு வந்துவிடும், கார்கள் ஒதுங்கி வழி விடும். அந்த நேரத்தில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி வழியாகப் பாருங்கள்.

இந்தக் கரையில் இரண்டு ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று பருந்து. மணலில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தால் பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் வந்து அடித்துப் பறிக்கும். என் தங்கை மகன் கையிலிருந்த பன்னை அப்படித்தான் கொண்டுபோனது, விரலில் நகம் கீறி ரத்தம் வந்தது, பையன் அன்று முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டு நடந்தான். சுவரை ஒட்டியோ கூரைக்குக் கீழேயோ உட்காருங்கள். இரண்டாவது சுனாமி. மின்கம்பங்களில் அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும், மேட்டுக்கு ஓட வேண்டிய வழிக்கு அம்புக்குறி இருக்கும். 2004-ஐப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலம் பலமாகக் குலுங்கினால் எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள்.

மூன்றரை: எனோஷிமா

ஸ்டேஷனிலிருந்து தீவுக்குப் பாலம் தாண்டிப் பதினைந்து இருபது நிமிஷ நடை. குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள், தீவின் பின்பக்கம் இருக்கும் குகைகளை நாலு மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள். கடைத்தெருவில் ஆக்டோபஸை மாவோடு சேர்த்துச் சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி அப்பளம் மாதிரி தருவார்கள். தட்டு மூடும்போது கிறீச்சென்று ஆவி கிளம்பும், வெளியே எடுத்தால் முகத்தைவிடப் பெரிய அப்பளம்.

மேலே ஏறுவதற்கு 1959-இலிருந்து எஸ்கலேட்டர் இருக்கிறது, கட்டணம் உண்டு. முட்டி வலி உள்ளவர்கள் தயங்காமல் அதில் ஏறுங்கள். ஆனால் மறுபக்கம் இறங்கவும் திரும்பி ஏறவும் படிதான், அது நிறையவே இருக்கிறது. பெரியவர்களை மேலே தோட்டத்தில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் போய் வரலாம்.

இந்தத் தீவின் தெய்வம் பென்சாய்டென். நம் சரஸ்வதியேதான், பௌத்தத்தோடு சீனா வழியாக இங்கே வந்தவள். வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பு வாத்தியம். முதல் சன்னிதிக்குப் பக்கத்தில் எட்டுக்கோண மண்டபம் ஒன்று உண்டு, சிறு கட்டணம். அங்கே இரண்டு பென்சாய்டென் இருக்கிறார்கள், ஒருத்தி பிவா வாசிக்கும் வெள்ளை உருவம், இன்னொருத்தி எட்டுக் கைகளோடு, வாளும் அம்புமாக இருப்பவள். போருக்குப் போனவர்கள் அந்த இரண்டாமவளைத்தான் வேண்டிக்கொண்டார்கள். நவராத்திரி கொலுவில் புத்தகத்தோடு பார்த்துப் பழகின நமக்கு, கையில் ஆயுதத்தோடு அவளைப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் கால் நகராது. அவசரப்படுகிறவர்கள் இந்த மண்டபத்தைத் தாண்டிவிடுவார்கள், நீங்கள் தாண்டாதீர்கள்.

அப்புறம் நேராகத் தீவின் பின்பக்கம் இறங்கினால் சிகோகஃபுச்சி என்ற அகலமான பாறைத் தளம். 1923 பெருநிலநடுக்கத்தில் கடலடியிலிருந்து ஒரு மீட்டர்போல உயர்ந்து வெளியே வந்தது. சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்னால் இங்கே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் காலையிலிருந்து இந்தக் கணக்கெல்லாம். பாறை வழுக்கும், ரப்பர் அடி உள்ள ஷூ போட்டிருங்கள். அலை பெரிதாக இருக்கும் நாளில் ஓரத்துக்குப் போகாதீர்கள்.

திரும்பும்போது

எனோடெனில் வந்த வழியே காமகுராவுக்குத் திரும்ப வேண்டாம், எல்லோரும் அந்த நேரத்தில் அதில்தான் இருப்பார்கள். எனோஷிமா ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஷோனான் மோனோரயில் இருக்கிறது, தண்டவாளத்திலிருந்து கீழே தொங்கிக்கொண்டு போகும் வண்டி. 14 நிமிஷத்தில் ஓஃபுனா, அங்கே டோக்கியோ ரயில் அடிக்கடி உண்டு. நோரியோரிகுன் பாஸ் இதில் செல்லாது, சுய்காவைத் தட்டிவிட்டு ஏறுங்கள். ஸ்டேஷன் கட்டடத்தில் மேலே ஏறியதும் ஃபுஜி இருக்கும் பக்கம் பார்த்த திறந்த தளம் ஒன்று இருக்கிறது, வானத்தில் சிவப்பு மிச்சம் இருந்தால் அங்கே நின்று பார்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம்.